அபிநயா வீட்டுக்கு மட்டும் ஏறிய தண்ணீர்

அந்தச் சத்தம் கேட்டாலே காந்தாவுக்கு வயிறு எரியும். ஓடைப் பள்ளத்தில் ஒரு பழைய இரும்பு இயந்திரம் ‘டக், டக்’ என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கு அடி, மேட்டிலிருந்த ஓர்ப்படி அபிநயாவின் வீட்டுத் தொட்டிக்குக் கொஞ்சம் தண்ணீர் ஏறும். கரண்டு கிடையாது, டீசல் கிடையாது.

எந்தக் காலத்திலோ ஒரு மரக் கான்ட்ராக்டர் கட்டிய வீடு அது. கொழுந்தன் சரவணகுமார் அதை வாங்கி, போளூரிலிருந்து ஆள் கூட்டிவந்து, துருவேறிக் கிடந்த இயந்திரத்தை ஓடவிட்டுக் கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். அபிநயா குழாயைத் திருகிக் குளித்தாள். காந்தா அதே ஓடையிலிருந்து குடம் சுமந்து மேடேறினாள்.

முனிதான் தண்ணீரைத் தள்ளுகிறது என்றது ஊர். இயந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

“அந்த முனிக்கு அவ வூடு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுதா? நம்ம இன்னா பாவம் பண்ணோம்?” என்று கணவன் வீரனிடம் பொருமினாள் காந்தா. ஆத்திரத்தில் கேட்ட கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் இயந்திரத்தின் முன் குந்தினாள். ஓடையின் மேல்மட்டத்திலிருந்து ஒரு பெரிய குழாய் அதற்குள் இறங்கியது. பாய்ந்துவந்த தண்ணீர் ஒரு மூடியைத் தூக்கி, தான் வெளியேறும் வழியையே அடைத்தது. முட்டிய வேகத்தில் கொஞ்சம் தண்ணீர் சின்னக் குழாயில் மேட்டுக்கு ஏறியது. மூடி மறுபடி விழுந்தது. ஓடையின் வேகமே தண்ணீரைத் தூக்கியது. முனியைக் காணோம்.

மூடியின் தண்டைத் தூக்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது. சில தடவை அமுக்கிவிட்டாள், ஓடியது. மறுபடி நிறுத்திவிட்டுக் குடத்தோடு நடந்தாள்.

சாயங்காலம் அபிநயா குடத்தோடு இறங்கிவந்தாள்.

“முனிக்கு இன்னா கோவமோ தெரியலக்கா. சேவல் அறுக்கணும்ன்றாங்க.”

“அந்தச் சேவல எனுக்குக் குடு, கொழம்பு வெக்கிறேன். நிறுத்தினது நான்தான்.”

“வயித்தெரிச்சல் புடிச்சவளே!”

“ஆமா, எரியுது. தெனமும் கொடத்தத் தூக்கிப் பாரு, ஒனுக்கும் எரியும். ஓடை இன்னா ஒங்கப்பன் வூட்டுதா? ஒன் வூட்டு வேலிக்கு வெளிய ஒரு பைப்பு வுடு, ஓட்டிக் காட்றேன்.”

அபிநயா வீம்பாகக் குடத்தை நிரப்பி மேடேறினாள். பாதியில் குடத்தை இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

“வுடறேன், வந்து ஓட்டு.”

வேலிக்கு வெளியே குழாய் வந்தது. தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். காந்தாவின் குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. உள்ளே அபிநயா குளிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றவள், வீரனைக் கூப்பிட்டாள்.

“இங்கேர்ந்து நம்ம வூட்டுக்கு எத்தினி அடி பைப்பு வேணும், அளந்து பாரு.”