பதினோரு மணிக்கு ஆளில்லாத காலனி

என் கையெழுத்து அழகாக இருக்கும். நான் செய்த தப்புகளில் பாதி அதனால் வந்தவை. அழகாக எழுதுகிறவன் எழுதுவது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். அதைவிட மோசம், எழுதுகிறவனே நம்பிவிடுகிறான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியைச் சுற்றிச் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது, பிறகு ஓடியது. அந்தக் கலவரத்தில் சின்னசேலம் போகிற வழியில் ஒரு காலனி எரிந்தது. பதினேழு கூரை. யார் கொளுத்தினார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர் மட்டும் ஒருவர்கூட இல்லை. பதினேழு குடும்பமும் சட்டி பானையோடு நான் வாத்தியாராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பின்கட்டடத்துக்கு வந்து சேர்ந்தன.

வந்த நாலாம் நாளே நாங்கள் ஒரு குழு ஆரம்பித்துவிட்டோம். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அரிசி பருப்பு கொடுப்பதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. "அது யார் வேணா குடுப்பான். நாம குடுக்க வேண்டியது நிரந்தரத் தீர்வு" என்பார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். வாரம் தவறாமல் கூட்டம் நடந்தது, மசால்வடையும் தவறவில்லை. கூட்டம் முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சுகளைப் பின்கட்டடத்துக்குத் தூக்கிப்போய்க் குழந்தைகளைப் படுக்க வைப்பார்கள். எங்கள் குழுவால் அவர்களுக்கு விளைந்த முதல் நன்மை அந்தப் பெஞ்சு.

தீர்வு வேண்டுமென்றால் முதலில் கணக்கெடுப்பு வேண்டுமாம். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, எரிந்த காலனியைப் பார்க்கக் கிளம்பினேன். போய்ச் சேரும்போது மணி பதினொன்று. ஒரு ஈ காக்கை இல்லை. மழையில் கரைந்த சுவர்கள், கருகிய மூங்கில், உடைந்த அம்மிக்கல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஈரமண் சுவர் எழும்பியிருந்தது. அதில் விரல் தடம்கூடத் தெரிந்தது. புதுச் செருப்பு அழுக்காகிவிடுமே என்று அந்தச் சேற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். நடந்துகொண்டே யோசித்தேன், உருக்கமாக எழுதினால்தான் மேலே இருப்பவர்கள் மனம் இளகும் என்று. எழுதினேன். "காலனி முற்றிலும் காலியாக உள்ளது. இங்கு எவரும் வசிக்கவில்லை. திரும்பக் குடியேறும் நிலையிலும் எவரும் இல்லை." மூன்று வரி. தலைவர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாலுகா ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினோம்.

அந்த ஈரச்சுவர் யாருடையது என்று எனக்கு அப்போது தெரியாது. பின்கட்டடத்தில் ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, ஒரு மகள். கரும்பு வெட்டுகிற கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி மாதிரி. எங்கள் கூட்டங்களுக்கு வந்து கதவோரம் நின்று கேட்பார், கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்.

"எல்லாஞ் சரிங்க சார். எங்க எடத்துக்கு நாங்க எப்பப் போறது?"

தலைவர் பொறுமையாகச் சிரிப்பார். "அது பழைய பிரச்சினைம்மா. நாங்க புதுத் தீர்வு பாத்துக்கிட்டிருக்கோம்."

புதுத் தீர்வு மாசியில் கிடைத்தது. கல்வராயன் மலைமேல், கரியாலூரைத் தாண்டி வெள்ளிமலை போகிற பக்கம், தரிசு நிலம் இருக்கிறதாம், குழு பரிந்துரைத்தால் ஒதுக்குவார்களாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், சண்டைக்கு வர அக்கம்பக்கத்தில் ஆளே கிடையாது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஜீப் பிடித்தோம். பயனாளிகள் சார்பாக ஒருவர் வரவேண்டும் என்பது விதி, அதனால் அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். நாலாவது வளைவிலேயே தலைவர் காலைச் சாப்பாட்டை மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அந்த அம்மாள்தான் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்.

இடம் பிரமாதமாக இருந்தது. இடுப்புயரப் புதர், பின்னால் மலை. தலைவர் கையை நீட்டி "இங்க ஸ்கூல், அங்க ரேடியோ ரூம், நடுவுல பார்க்கு" என்று ஊரையே கட்டிவிட்டார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் மட்டும் எங்களோடு வராமல் நிலத்தின் ஓரமாகவே நடந்துபோனார். புதரை விலக்கிக் குனிந்து எதையோ பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"சார், இது ஆளு இருக்கற நெலம்."

"ஆளா? எங்கம்மா?"

"கல்லயெல்லாம் பொறுக்கி ஓரத்துல குமிச்சி வச்சிருக்காங்க. சும்மா கெடக்கற நெலத்துல எவன் சார் கல்லு பொறுக்குவான்?"

கீழ்நாட்டு, அதாவது சமவெளி மூளைகள் நாங்கள். பயிர் இருந்தால் நிலம், புதர் இருந்தால் தரிசு, அதற்குமேல் எங்களுக்கு எட்டாது. கொஞ்ச நேரத்தில் தோளில் துண்டோடு ஒரு மலைக்காரர் வந்தார். சண்டை போடவில்லை. "ரெண்டு வருசம் ஒறங்க வுட்டிருக்கோம்ங்க. அடுத்த வருசம் சாமை போடுவோம். எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்பிடித்தான்" என்றார். பட்டா இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். அவர் கல் குவியலைக் காட்டினார். நாங்கள் கிளம்பும்போது கூப்பிட்டு வைத்துச் சாமைச் சோறு போட்டார். எங்கள் பதினேழு குடும்பத்துக்குக் கொடுக்கப்போவது தன் நிலம் என்று தெரிந்துதான் போட்டார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கக்கேடு.

இறங்கி வந்ததும் தலைவர் சம்மதப் பத்திரத்தை நீட்டினார். அந்தப் பெண் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"மாட்டேன் சார். எங்கள வெரட்டுன மாரி நாங்க போயி அவர வெரட்டணுமா? மலையில கரும்பு ஏது, எங்களுக்கு வேல ஏது? கொளுத்துனவன் குந்துன எடத்துலியே குந்திக்கினு இருக்கான். நாங்க இன்னாத்துக்கு மலைக்குப் போவணும்?"

மற்ற பதினாறு குடும்பமும் அதையே சொன்னது. தலைவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "இந்த ஜனங்களுக்கு நல்லது பண்ணவே கூடாதுய்யா" என்றார். "பயனாளிகள் ஒத்துழைக்கவில்லை" என்று நான் பதிவு செய்தேன், அதையும் அழகாகத்தான்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலனிக்குப் பக்கத்து நிலக்காரர் டிராக்டர் விட்டுக் காலனி இடத்தில் பாதியை உழுதுவிட்டார். ஈரச்சுவர் போயிற்று. தினமும் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் நடந்துபோய் அந்தப் பெண் தன் கையால் எழுப்பிய சுவர் அது. மார்புயரம் வந்திருந்ததாம். அவர் அழுததை நான் பார்க்கவில்லை. நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து, "தாலுக்கா ஆபீஸ்ல இன்னாவோ காயிதம் இருக்குதாம். அதக் காட்டித்தான் ஓட்டுனானாம். வந்து படிச்சிச் சொல்லுங்க சார்" என்றார்.

போனோம். குமாஸ்தா ஃபைலைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். "நல்ல முத்து முத்தான எழுத்து சார். யாரோ படிச்சவரு எழுதிக் குடுத்திருக்காரு" என்றார்.

மூன்று வரியையும் நான் அந்தப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். காலியாக உள்ளது. எவரும் வசிக்கவில்லை. திரும்பக் குடியேறும் நிலையிலும் எவரும் இல்லை. எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதும் யோக்கியதைகூட இருந்திருக்காது.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நீங்க எத்தினி மணிக்கு சார் போனீங்க?" என்றார்.

"பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கு எந்தக் காலனியில சார் ஆளு இருக்கும்? கூலிக்காரன் வூட்டுல இருந்தா அடுப்பு எரியுமா?"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆபீஸ் என்பது பத்திலிருந்து ஐந்துவரை. கழனி என்பது விடியலிலிருந்து பொழுது சாயும்வரை. எந்த அதிகாரி எப்போது வந்தாலும் அந்த ஜனங்கள் அங்கே இருக்க முடியாது. நாங்கள் எட்டு மாதம் கண்ணை மூடித் தேடிய தீர்வில் இந்தச் சின்ன விஷயம் எங்கும் இல்லை.

குமாஸ்தா நல்ல மனிதர். "ஜூன்ல ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நம்ம ஆர்.ஐ., வந்து எடத்தப் பாப்பாரு. ஆள் குடியிருந்தா எடம் அவங்களுக்கு, இல்லேன்னா நெலக்காரரு மனு கொடுத்திருக்காரு, அவருக்கு. என்னிக்கு வருவாருன்னு அவருக்கே தெரியாது" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் பின்கட்டடம் காலியாகிவிட்டது. பதினேழு குடும்பமும் உழுத மண்ணிலேயே போய்க் கழி நட்டுக் கரும்புத் தோகையை வேய்ந்துவிட்டார்கள். வெட்டப் போகிற ஊரிலெல்லாம் அரைநாளில் குடிசை போட்டுப் பழகிய கைகள் அவை. நான் போனபோது மணி ஆறரை. அந்தப் பெண் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"நீங்க இங்க குந்துங்க" என்றார். "எழுதாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க. ஆர்.ஐ. வந்தா, நாங்க வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னோம்னு சொல்லி அவரையுங் குந்த வைங்க."

கோடை விடுமுறை. தினமும் தூக்குவாளியில் சோற்றோடு போய் அவர் குடிசை வாசலில் உட்கார்ந்தேன். வெயில் சொல்லி மாளாது. நிலக்காரர் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். தலைவர் ஒரு முறை வந்து, "இதெல்லாம் ஒரு சேவையாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லக் கூடாது. பின்னாளில் குழுவின் ஆண்டுமலரில் இந்தக் குடிசைகளின் படத்தைப் போட்டு, கீழே "எங்கள் நிரந்தரத் தீர்வு" என்று அச்சடித்தவரும் அவர்தான்.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது ஆர்.ஐ. சைக்கிளில் வந்து இறங்கினார். மணியைப் பார்த்தேன், பதினொன்று. அவர் பதினேழு குடிசையையும் எட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஆள் யாரும் இல்லியே."

"வேலைக்குப் போயிருக்காங்க. அஞ்சு அஞ்சரைக்கு வந்துடுவாங்க. உக்காருங்க."

"அது வரைக்கும் நான் வெயில்ல காயணுமா? இதோ பாருங்க, போன வருஷமே எழுதிக் குடுத்திருக்கே, யாரும் வசிக்கலைன்னு. எந்த மடையன் எழுதினானோ, அவனே வந்து பாத்துத்தான் எழுதியிருப்பான்."

"நான்தான் அந்த மடையன்" என்றேன்.

அவர் என்னையும் ஃபைலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டு நிழலில் வந்து உட்கார்ந்தார். என் சோற்றில் பாதி அவருக்கு.

ஐந்தரைக்கு வரப்பு வழியாக ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். ஆர்.ஐ. ஒவ்வொரு குடிசையாகப் போய்ப் பதினேழு குடும்பத்தையும் எழுதி முடித்தார், சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். அந்தப் பெண் கைகால்கூடக் கழுவாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"பழசும் அதுக்குள்ளியே இருக்குதா சார்?"

"ஃபைல்ல இருக்கும்மா. அத எடுக்க முடியாது" என்றார் ஆர்.ஐ.

"அப்ப நாளைக்கி வர்றவரு எதப் படிப்பாரு?"

ஆர்.ஐ. ஃபைலைத் திறந்தபடியே என் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். நான் பேனாவை எடுத்து அந்த மூன்று வரியையும் அடித்து, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தப் பெண் குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நல்லா அழுத்தி அடிங்க சார்" என்றார். "உங்க எழுத்து வேற அழகா இருக்குது."