வட்டகொடையிலிருந்து ஹட்டனுக்கு, கடிதப் போட்டிக்குப் போன நாள்

வாசிப்புப் போட்டி, எழுத்துப் போட்டி என்று பிள்ளைகளை ஹட்டனுக்குக் கூட்டிப்போகிறவர்கள் சிலர் என்னிடம் வழி கேட்டிருந்தார்கள். வட்டகொடைப் பக்கத்திலிருந்து அந்தப் பாதையில் நான் முதன்முதலில் போனதும் ஒரு போட்டிக்குத்தான். அறுபதுகளின் தொடக்கம். ஏழாம் வகுப்பு. அன்று நடந்ததை விட்டுவிட்டு வழியை மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் தேர்வாகியிருந்தோம். சத்தமாக வாசிக்க நான்; கடிதம் எழுத என் சிநேகிதி பார்வதி. எங்கள் லயத்து வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தாள். அவள் அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கூட்டிப்போக வேண்டிய வாத்தியாருக்குக் காய்ச்சல். அதனால் பார்வதியின் அப்பா கருப்பையா மாமா அன்றைக்குப் பெரட்டுக்கும் வேலைக்கும் போகாமல், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

லயத்திலிருந்து ஸ்டேஷன் இரண்டு மைல், முழுக்க இறக்கம். ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஏழேகால் ரயில். மூன்றாம் வகுப்பு அரை டிக்கெட் முப்பது சதம். ஹட்டனுக்குப் பன்னிரண்டு மைல்தான், ஆனால் மலை ரயில், ஒரு மணி நேரம் பிடிக்கும். தலவாக்கலை தாண்டினால் அருவி தெரியும் என்பார்கள். எங்களுக்குப் பனிதான் தெரிந்தது.

“பயப்படாதீங்க புள்ளைகளா. பெருசா ஒண்ணும் வேணாம். மனசுல உள்ளத எழுதுங்க, போதும்” என்றார் மாமா.

ஸ்டேஷனிலிருந்து போட்டி நடந்த பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிட ஏற்றம். ஒன்பது மணிக்கு வாசிப்பு, பத்தரைக்குக் கடிதம். ‘நேரில் பேச முடியாத ஒருவருக்குக் கடிதம்’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பெரிய தலைவர்களுக்கு எழுதினார்கள். பார்வதி மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவு. வாசிப்பில் நான் முதல். கடிதத்தில் பார்வதி முதல். மாமா பின் பெஞ்சில் எழுந்து நின்று கைதட்டினார். மேடையில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. முதல் பரிசுக் கடிதத்தை, வாசிப்பில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையே வாசிக்கட்டும் என்றார். தாளை என் கையில் கொடுத்தார்கள். பார்வதி கீழே இருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதம் அவள் அம்மாவுக்கு. தம்பி நடக்கப் பழகியதைச் சொல்லி ஆரம்பித்திருந்தாள். மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்குக் குரல் நன்றாக வந்தது, அது எனக்கே தெரிந்தது. அடுத்த வரி வாய்க்கு வருவதற்கு முன் கண்ணுக்கு வந்துவிடும் அல்லவா? அந்த வரியும் அப்படித்தான் வந்தது. தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. வாசித்தேன்.

“அம்மா, நீங்கள் இருமித் துப்பிய இரத்தத் துணியை நான்தான் ஓடையில் அலசினேன். அப்பாவிடம் சொல்லாதே என்றீர்கள். இன்றுவரை சொல்லவில்லை.”

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பின் பெஞ்சில் மாமா இல்லை.

வாசலுக்கு வெளியே மதில் ஓரமாக நின்றிருந்தார். நாலரை ரயிலில் ஏறினோம். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். பெட்டியில் விளக்கு இல்லை. அந்த இருட்டில்தான் கேட்டார்.

“எத்தன மாசமா ரத்தம் வந்துச்சு புள்ள?”

“மூணு மாசம்ப்பா.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“தெரிஞ்சா நீங்க வேலைக்கு விடமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்கப்பா.”

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவர் கை மட்டும் பார்வதியின் தலைமேல் இருந்தது. வட்டகொடை வரைக்கும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பார்வதி பள்ளிக்கூடத்திலிருந்து நின்று கொழுந்தெடுக்கப் போனாள். தம்பியையும் வீட்டையும் காப்பாற்ற மாமாவின் சம்பளம் மட்டும் போதவில்லை. என்மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டேன். “இல்ல” என்றாள். உண்மையாகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் எழுதிய எதையும் எனக்குக் காட்டியதில்லை.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாலைந்து வருஷம் ஆனது. “நீ வாசிக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சேயிருக்காது” என்றார். பிறகு, “தெரியாமலே இருந்திருக்கலாம்னும் சில நாள் தோணும். அதுக்கு நீ என்ன செய்வ?” என்றார்.

பாராட்டுக்காக ஒருத்தியின் துக்கத்தைச் சத்தமாக வாசித்தவள் நான். இத்தனை வருஷத்தில் அதற்கு வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: காலை ரயிலே நல்லது, இருக்கை கிடைக்கும். ஹட்டனில் மத்தியானத்துக்கு மேல் மழை, குடை வேண்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். போட்டி நடத்துகிறவராக இருந்தால், பிள்ளை எழுதியதை மேடையில் வாசிப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் தாளை மடித்து அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.