நான்காம் பத்திக்கு மறுமொழி

உரிமையியல் வழக்கில் தாக்கலாகும் ஒவ்வோர் உரையின் அடியிலும் ஒரு சிறு பகுதி உண்டு. மேலே கூறியவற்றுள் இன்னின்ன பத்திகள் நான் நேரில் அறிந்தவை, இன்னின்ன பத்திகள் பிறர் கூறக் கேட்டு நம்புபவை என்று பிரித்துக் காட்டி, அதன் கீழே கையொப்பமிட வேண்டும். அப்பகுதியை ஒருவருக்குத் தமிழில் படித்துக்காட்டும் பொறுப்பு ஒருநாள் என்மேல் விழுந்தது. அன்றுமுதல் எதை எழுதினாலும் அவ்வாறு பிரித்துப் பார்த்தே எழுதிவருகிறேன். ஆகவே நான் கண்டதையும், என் தமக்கை என்னிடம் நேரில் சொன்னதையும், வழக்குத் தாள்களோடு ஒப்பிட்டுச் சரியென்று தெரிந்ததையும் மட்டுமே இங்கே வைக்கிறேன். ஊரார் சொன்னவை பல. அவற்றுக்கு இதில் இடமில்லை.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லைக்கோடு எங்கே விழும் என்பது மட்டும் முடிவாகாமல் இருந்த ஆண்டுகள் அவை. நான் திருப்பதியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். தமக்கை சித்தூரில், கணவர் வழியில் வந்த ஓட்டு வீட்டில், ஒரே மகளோடு குடியிருந்தாள். கணவர் இறந்த மறு ஆண்டில் அவருடைய பெரியப்பா மகன் அவ்வீட்டின்மேல் தாவா தொடுத்தார். வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையில் வீடு தம் தந்தைக்கு வந்தது என்பது அவர் வாதம். அவர் கொடுத்த பிராதின் நான்காம் பத்தி, என் தமக்கையின் கணவர் திருப்பதிக்கு வந்து தம்மிடம் அனுமதி கேட்ட பின்னரே அங்கே குடிபுகுந்தார் என்றது. அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதால் வீட்டை ஒழித்துத் தரவேண்டும் என்று பிராது முடிந்தது.

சம்மனைக் கொண்டுவந்த வழக்குமன்ற அமீனாவிடம் தமக்கை கேட்டது ஒன்றே: "எப்ப காலி பண்ணணும்?" காலி செய்யச் சொல்லவில்லை, பதில் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் விளக்கியும் அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுச் சுவரில் அவள் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. நாட்காட்டியைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள்.

எங்கள் வக்கீல் தெலுங்கர். தமிழும் பேசுவார். முதல் நாளே எனக்கு விதியைச் சொன்னார்.

"ஒவ்வொரு பாராவுக்கும் தனித்தனியா பதில் சொல்லணும், அய்யவாரே." ஆசிரியர்களை அப்பகுதியில் அப்படித்தான் அழைப்பார்கள். "மொத்தமா எல்லாம் பொய்யினா செல்லாது. எதுக்குப் பதில் சொல்லலியோ, அத ஒப்புக்கினாப்ல."

அவ்விதி என்னைக் கலக்கியது. என் வகுப்பில் ஒரு மாணவன் வாய் திறக்காவிட்டால் அவனுக்குப் பாடம் தெரியவில்லை என்று கொள்வேன். இங்கே வாய் திறக்காவிட்டால் வீடு போய்விடும். 'இல்' என்னும் சொல்லுக்கு வீடு என்றும் இன்மை என்றும் இரு பொருள் உண்டென்று ஆண்டுதோறும் நான் பாடம் நடத்திவந்தேன். அந்த ஒரு சொல்லைச் சரியான இடத்தில் சொல்லத் தவறினால், இல் இல்லாமற் போகும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

பிராதுக்குப் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய வாய்தாவின்மேல் வாய்தா வாங்கியாயிற்று. இனித் தவணை கிடையாது என்று முனிசீப் நீதிபதி சொல்லிவிட்ட நாளில், திருப்பதியிலிருந்து முதல் பேருந்தில் சித்தூர் போய்ச் சேர்ந்தேன். வழக்குமன்றத்துக்கு எதிரே இருந்த வக்கீலின் அறையில் தமக்கை முன்னரே வந்து, நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தாள். எதிருரை ஆங்கிலத்தில் தட்டெழுதி ஆயத்தமாக இருந்தது. நான் அதை அவளுக்குத் தமிழில் படித்து விளக்க வேண்டும். அவள் கையெழுத்திட்டதும், படித்து விளக்கினேன் என்று நானும் கீழே ஒப்பமிட வேண்டும்.

நான்காம் பத்திக்கான மறுமொழியைப் படித்தேன். பிரதிவாதியின் கணவர் ஒருகாலும் அனுமதி கேட்டதில்லை, அக்கூற்று முழுப்பொய் என்று அதில் இருந்தது. தமக்கை பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு நான் போட மாட்டேன்."

"ஏங்கா?"

"கேக்கலன்னு எனக்கெப்டிடா தெரியும்? நான் கூடப் போனேனா?"

"மாமா உங்கிட்ட சொல்லலதானே?"

"உங்க மாமா திருப்பதிக்குப் போனா தலைய மொட்டையடிச்சிக்கினு வருவாரு. அது தெரியும். யாரப் பாத்தாரு, இன்னா பேசனாருன்னு எங்கிட்ட சொல்லிக்கினா இருந்தாரு?"

"எந்த மனுசன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கினு கீறான்?" என்றார் வக்கீலின் குமாஸ்தா, தாளிலிருந்து தலை நிமிராமல்.

"அப்ப தெரியாதுன்னு எழுதச் சொல்லு" என்றாள் தமக்கை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாதுன்னா போச்சும்மா. அது பதிலே இல்ல. அவன் கேட்டாருங்கறான், நீங்க மறுக்கல. கோர்ட்டு அதையே எடுத்துக்கும். அந்தாளு பொய் சொல்றான், நீங்க இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா குடியா முழுகிடும்?"

"முழுகறது என் குடிதானே ஐயா. அத நானே முழுக்கணுமா? அந்தாளு பொய்தான் சொல்றானான்னே எனக்குத் தெரியல."

எதிரே மன்றத்து வாசலில் டவாலி அடுத்த வழக்கைக் கூவுவது கேட்டது. எங்கள் வழக்குக்கு முன்னால் சிலவே எஞ்சியிருந்தன. கூப்பிடும்போது எதிருரை இல்லாவிட்டால், எங்களைக் கேளாமலே வாதி சொன்னதைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிடலாம். தமக்கைக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பத்தியை நான் சற்று மென்மையாகத் திருப்பிச் சொன்னால் அவள் கையெழுத்திட்டுவிடுவாள். வீடு ஒருவேளை தப்பும். என் ஒப்பத்துக்கு விட்டிருந்த கோட்டைப் பார்த்தேன். டவாலியின் குரலைவிட அந்த வெற்றுக்கோடு என்னை அதிகமாக அச்சுறுத்தியது.

"வேறு வழி இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

வக்கீல் சலித்துக்கொண்டார். "உந்தி, இருக்கு. ஒப்புக்கொள்ளலன்னு போடலாம். ஆனா அய்யவாரே, இல்லன்னா கதவச் சாத்தனாப்ல. இது ஒருக்களிச்சு வெச்சாப்ல. அவங்கிட்ட ஒரு சாட்சி இருந்தா உள்ள வந்துடுவான். அப்பறம் என்ன வந்து கேக்கக்கூடாது."

தமக்கை அவரைப் பார்த்தாள். "ஒப்புக்கலன்னா, கேக்கலன்னு அர்த்தமா?"

"இல்லம்மா. கேட்டாருன்னு நீ சொல்ற, நீயே ரூபிச்சுக்கோன்னு அர்த்தம்."

"அது நெசந்தானே" என்று அவள் பேனாவை எடுத்தாள்.

மறுத்து எழுதிய வரியை மையால் அடித்து, வேறு வரியைக் குமாஸ்தா மேலே எழுதினார். நேரில் அறிந்த பத்திகளின் வரிசையிலிருந்து நான்கு என்ற எண்ணை நீக்கினார். திருத்தங்களின் பக்கத்தில் தமக்கை ஒப்பமிட்டாள். கீழே நானும் இட்டேன். மை காயுமுன்னே தாளை ஏந்திக்கொண்டு வக்கீல் தெருவைக் கடந்தார். உள்ளே முனிசீப் அதைப் புரட்டினார், மறு தேதி கொடுத்தார். எல்லாம் அவ்வளவில் முடிந்தது. வெளியே வந்ததும் தமக்கை படியில் அமர்ந்துவிட்டாள்.

விசாரணை வர ஆண்டுகள் ஆயின. இடையில் எல்லை முடிவாயிற்று. எங்கள் உறவினர் சிலருடைய ஊர்கள் சென்னை மாநிலத்தோடு போயின. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. "ஊரு யாருதுன்னே தீந்துபோச்சு, உங்க வூடு யாருதுன்னு தீரல" என்று குமாஸ்தா தமக்கையிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் திருப்பதித் தெருக்கள் எனக்கு அச்சம் தருவனவாயின. அக்காளின் கணவரை அறிந்தவர் எவரேனும் எதிரே வந்தால் மறுபுறம் ஒதுங்கி நடந்தேன். 'அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் இருந்தேன்' என்று அவர் சொல்லிவிட்டால், எதிர்த்தரப்புக்குச் சாட்சி கிடைத்துவிடும். அது மட்டுமன்று, எனக்கும் தெரிந்துவிடும். தெரிந்த பின்னர் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்ற வரியின்கீழ் என் ஒப்பம் எப்படி நிற்கும்? நான் எவரையும் கேட்கவில்லை. எவரும் தாமாக வந்து சொல்லவில்லை.

விசாரணை நாளில் வாதி கூண்டேறினார். தமக்கையின் கணவர் திருப்பதியில் கோயில் குளத்தருகே நின்று தம்மிடம் அனுமதி கேட்டார் என்றார். அப்போது உடனிருந்தவர் யார் என்று எங்கள் வக்கீல் கேட்டார். தமக்கை என் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"யாருமில்ல. நாங்க ரெண்டு பேருந்தான்" என்றார் வாதி.

வக்கீல் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் அமர்ந்துவிட்டார். பாகப்பிரிவினைக்கும் சான்று வரவில்லை. மெய்ப்பிக்கப்படவில்லை என்று வழக்குத் தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்து தமக்கை வக்கீலைக் கேட்டாள்: "அப்ப அவரு கேக்கலன்னு ஆயிடுச்சா ஐயா?"

"அது ஆவலம்மா. அந்தாளால ரூபிக்க முடியலன்னு ஆச்சு. வீடு உங்களுது."

அவள் தலையசைத்தாள். அதன்பின்னும் அவ்வீட்டில் அவள் நெடுநாள் வாழ்ந்தாள். நாட்காட்டி சன்னல் கம்பியிலேயே தொங்கியது. இனி ஆணி அடிக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

"கேட்டிருந்தாருன்னா?" என்றாள்.

என் தமக்கையின் கணவர் தம் பெரியப்பா மகனிடம் அனுமதி கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. தமக்கைக்கும் கடைசிவரை தெரியவில்லை. கேட்டதாகச் சொன்னவரும் இப்போது உயிரோடு இல்லை.