வாக்கெடுப்பு நாளில் வந்த நாரிப்பிடிப்பு

என் கணவர் மாகாண சபையில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவர். அந்தச் சபை கலைந்து, தேர்தலும் நடக்காமல் போனபின் எங்கள் பிரதேச சபைக்குத் தவிசாளரானார். பதவி சிறுத்தாலும் வேட்டி சட்டையின் வெள்ளை குறையவில்லை. இரண்டையும் தினமும் அயன் பண்ணி வைப்பது என் வேலை.

மூன்றாம் வருடம் அவருடைய வரவு செலவுத் திட்டம் ஒரு வாக்கால் தோற்றது. இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் பதவி போய்விடும் என்பது சட்டம். எதிர்த்துக் கை தூக்கியவர்களில் ஒருவர் என் அண்ணை. அவர் மற்றக் கட்சி.

"நான் போய்க் கேட்டா அது அரசியல். நீர் போனா அது குடும்பம்" என்றார் கணவர்.

மருதனார்மடம் சந்தையில் ஒரு சீப்பு இதரைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணை முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பழத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அவர் அனுப்பினவரோ?"

"ஓம்."

"ஆதரிச்சுக் கையைத் தூக்கினா எங்கடை கட்சி என்னைக் கலைச்சுப்போடும், பிள்ளை."

"தூக்க வேண்டாம் அண்ணை. வாக்கெடுப்பு அண்டைக்கு வராமல் நிண்டாக் காணும். ஏதும் வருத்தமெண்டு சொல்லுங்கோ."

அது கணவர் சொல்லிக்கொடுத்த யோசனை. அதை என் யோசனை போலச் சொன்னேன். அண்ணை டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். காற்று போதுமானதாக இருந்தது. மறுபடியும் அடித்தார். "சரி, போ" என்றார்.

வாக்கெடுப்பு அன்று, அண்ணை இடுப்பை அசைக்க முடியாமல் நாரிப்பிடிப்பில் படுத்துவிட்டதாகச் சபைக்குத் தகவல் வந்தது. இரண்டு பக்கமும் சமனாக வாக்கு விழுந்தது. சமனாக வந்தால் தவிசாளருக்கு இன்னொரு வாக்கு உண்டு. அதைப் போட்டுக் கணவர் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அன்று பின்னேரமே தோடம்பழம் வாங்கிக்கொண்டு அண்ணையை வருத்தம் பார்க்கப் புறப்பட்டார். "பாக்காமல் விட்டாத்தான் சனம் சந்தேகப்படும்." தன் கட்சி உறுப்பினர்களில் இருவரையும் கூட்டிக்கொண்டார். பழப்பை என் கையில் இருந்தது.

அயலவர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். அறையெல்லாம் நோவெண்ணெய் மணத்தது. அண்ணை கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அவருடைய மனைவி, என் மச்சாள், கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"காலமை கிணத்திலை வாளி வாளியா அள்ளிக் குளிச்சவர். அதிலைதான் பிடிச்சிருக்கு" என்றாள், என்னையே பார்த்தபடி.

கணவர் கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கவனமா இருங்கோ மச்சான். அடுத்த வருசமும் பட்ஜெட் வரும். நாரி தாங்கோணும்."

கூட வந்த இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அயலவர்களில் ஒருவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அண்ணை கூரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். கோபித்துக்கொண்டு எழும்பிப் போகக்கூட அவருக்கு வழியில்லை. எழும்பினால் நாரிப்பிடிப்பு பொய்யாகிவிடும்.

நான் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கோ" என்று கணவரைத் தடுக்கவும் இல்லை. பையிலிருந்த தோடம்பழங்களை எடுத்து, உருளாதபடி, ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தவிசாளற்றை ஆக்களுக்குத் தேத்தண்ணி குடு" என்றார் அண்ணை, முகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வழக்கம்போல் உதவிக்கு எழுந்தேன். அந்த வீட்டில் நான் அடுப்படியில் நின்று, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீர் குடிப்பவள்.

"நீங்கள் இருங்கோ" என்றாள் மச்சாள்.

இருந்தேன். எனக்கும் தேநீர் வந்தது, மற்ற மூவருக்கும் வந்தது போலவே, கீழே ஒரு சோசர் வைத்து.