வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

டகோட்டாவில் ஒரு சின்ன ஊரின் லுத்தரன் சபைக்கு நூற்றிருபத்தைந்து வயது ஆனதென்று ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், உள்ளே கலர் படங்கள், அட்டையில் கோபுரம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சோலெம் குடும்பத்தைப் பற்றிய பக்கத்தில் மட்டும் இப்படிப் போட்டிருந்தார்கள்: "ஹால்வர் சோலெம், மணமாகாதவர். வீட்டு வேலைக்காரி ஒட்டீலியா கெசல், அவள் மகள் வெர்னா." கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. ஆதாரம், 1940 மத்திய சென்சஸ்.

அந்த "மகள் வெர்னா" செத்துப்போய்விடவில்லை. அதே ஊரில்தான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அதே சபையில் நாலாவது பெஞ்சில் உட்காருகிறாள். ஊரில் பாதிப் பேர் பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் கையால் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள். அவளுக்கு ஒரு போன் போட்டு, "வெர்னா, இது சரியா?" என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எழுபத்தைந்து வயதுப் பெண்பிள்ளையைப் பார்த்து, உன் அம்மா வேலைக்காரி, உனக்கு அப்பன் இல்லை என்று அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். கூடவே காப்பியும் கொடுக்கிறார்கள்.

வெர்னாவுக்கு இது புதுசு இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் "வேலைக்காரி பொண்ணு" என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். அப்பா ஹால்வர் டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது அவளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. தொப்பி நாற்றமும், சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பெப்பர்மின்ட்டும்தான் அவரைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது. அடுத்த மாதமே ஹால்வரின் தம்பி மெல்வின், தாயையும் பிள்ளையையும் பண்ணையிலிருந்து கிளப்பிவிட்டான். ஒட்டீலியா ஊருக்குள் வந்து, ஓட்டலில் துணி வெளுத்துப் பிள்ளையை வளர்த்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "கல்யாணம் ஆச்சு. கோயில்ல, சாமியார் முன்னாடிதான் ஆச்சு. மேலே கேக்காதே" என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

வெர்னாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சபைக் கல்லறைத் தோட்டத்தில் சோலெம் வரிசை என்று ஒன்று இருக்கிறது. எல்லாம் இரட்டைக் கல், குடும்பத்துக்கு மொத்தமாக வாங்கிப் போட்டவை. இடது பாதியில் ஆம்பிளை பெயர், வலது பாதியில் பெண்டாட்டி பெயர். ஹால்வர் கல்லில் மட்டும் வலது பாதி மொட்டையாக இருக்கிறது. ஒட்டீலியா இறந்தபோது வெர்னா கெஞ்சிப் பார்த்தாள். வேலி ஓரமாக ஒரு குழியும், பெயர் எழுதிய ஒரு தகரத் துண்டும்தான் கிடைத்தன. இந்தக் கோடையில் சாய்ந்த கற்களை நிமிர்த்த, தேய்ந்த எழுத்தைத் திரும்ப வெட்ட ஆள் வரப்போகிறான். அந்த மொட்டைப் பாதியில் அம்மா பெயர் ஏற வேண்டும். இப்போது ஏறாவிட்டால், தனக்குப் பிறகு கேட்க நாதி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

கல்லறைக் கமிட்டித் தலைவர் யாரென்றால், வெண்டல் சோலெம். மலரில் அந்த வரியை எழுதிய அதே புண்ணியவான். ஹால்வரின் தம்பி மகன். ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வெர்னா அவர் மேசைக்கு நேராகப் போனாள்.

"வெண்டல், எங்கம்மா வேலைக்காரியா?"

"நான் சொல்லலை வெர்னா. கவர்மென்ட் சொல்லுது. எழுபத்திரண்டு வருஷம் பூட்டி வச்சிருந்து இப்பத்தான் திறந்து விட்டிருக்காங்க. நம்ம பேரை எவனோ 'சேலம்'னு தப்பா ஏத்தி வச்சிருக்கான். கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

"அவ்வளவு பாடுபட்டுத் தேடினவன், ரெண்டு தெரு தள்ளி இருக்கற என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்னைக் கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? எழுதறதுக்கு ஆதாரம் வேணும். ஆதாரம் இருந்தா யாரைப் பத்தி வேணும்னாலும் போடுவேன். இல்லேன்னா போட மாட்டேன்."

"நான் சுட்ட ருபார்ப் கேக்கைத் தின்னுக்கிட்டே இதைச் சொல்றே பாரு, உன் தைரியத்தை மெச்சணும். இரு, ஆதாரத்தோட வரேன்."

மறுநாளே மாவட்ட நூலகத்துக்குப் போனாள். அங்கே பக்கத்துக் கம்ப்யூட்டரில் எந்நேரமும் லவோன் ஹாக் உட்கார்ந்திருப்பாள். ருஷ்யாவிலிருந்து வந்த தன் ஜெர்மன் முன்னோர்களைத் தேடித் தேடி ஏழு தலைமுறை வரை போய்விட்டவள். கத்தோலிக்கப் பெண், ஒட்டீலியா ஜாதி ஜனம். வெர்னாவுக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள்தான் கூட்டாளி. ஊராருக்கெல்லாம் குடும்ப மரம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள் இரண்டு பேரும். தன் வீட்டு மரத்தை மட்டும் வெர்னா தொட்டதில்லை. அந்த 1940 பக்கத்தை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் வயிறு எரியும் என்று விட்டுவிட்டாள்.

"அதை ஏன் பாக்கறே? மாநில சென்சஸைப் பாரு" என்றாள் லவோன். "டகோட்டாக்காரன் அஞ்சு முடியற வருஷத்துல தனியா எடுத்தான்ல. ஆளுக்கு ஒரு அட்டை. பெண்டாட்டின்னா பிறந்த வீட்டுப் பேரு, கல்யாணம் ஆன வருஷம், எந்தச் சபை, எல்லாம் கேட்டிருப்பான்."

1945 அட்டைகளில் அம்மா கிடைத்துவிட்டாள். ஒட்டீலியா சோலெம். பிறந்த வீட்டுப் பெயர் கெசல். விதவை. கல்யாணம் ஆனது 1938. சபை, கத்தோலிக்கம். தொழில், சலவை. அட்டையைப் பார்த்ததும் வெர்னாவுக்கு ஓட்டல் பின்படிக்கட்டு நினைவுக்கு வந்தது. கையில் அட்டைக் கட்டோடு ஒரு ஆள் நின்றான். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சோலெம் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அவன் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சொன்னாள். அது என்னவென்று ஆறு வயதுக் குழந்தைக்கு அன்று புரியவில்லை.

வருஷமும் சபையும் கையில் கிடைத்ததும் வெர்னா கத்தோலிக்க ஆயர் அலுவலகத்துக்கு எழுதினாள். மூடிப்போன ஒரு கோயிலின் திருமணப் பதிவேடு அங்கே பத்திரமாக இருந்தது. நகல் வந்து சேர்ந்தது. ஹால்வர், ஒட்டீலியா, இரண்டு சாட்சி, சாமியார் கையெழுத்து. ஆகமொத்தம் கல்யாணம் நடந்திருக்கிறது. ஊரே ஒன்றுகூடி ஒரு பெண்ணை வேலைக்காரி என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு மன்னிப்பு உண்டா? அதுதான் இல்லை.

கமிட்டி கூடியது. போதகர் நகலைப் படித்துவிட்டு, "இதுக்கு மேல பேச என்ன இருக்கு? பெயரை வெட்டிடலாம்" என்றார். வெண்டல் காதைச் சொறிந்தார்.

"சரி, வெட்டட்டும். ஆனா சென்சஸ்ல அப்படி எப்படி வந்துச்சு?"

"உங்க பாட்டி குன்ஹில்ட் சொல்லி வந்துச்சு" என்றாள் வெர்னா.

"உனக்கும் அவங்க பாட்டிதானே."

"என்னை ஒரு நாளும் பேத்தின்னு சொன்னதில்லையே. லுத்தரன் போதகர் பண்ணி வைக்காத கல்யாணம் அந்தம்மாவுக்குக் கல்யாணமே இல்லை. மருமகளை வேலைக்காரின்னு வாய் கூசாம சொல்லியிருக்கும். மலர்ல ஒரு திருத்தச் சீட்டு ஒட்டணும் வெண்டல். பெண்டாட்டின்னு போட்டா மட்டும் போதாது. பொய் சொன்னது யாருன்னும் போடணும்."

"செத்தவங்க மேல பழி போடறியே. அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்கு. 1940-ல மட்டும் சென்சஸ் எடுக்க வந்தவங்களுக்கு ஒரு விதி. வீட்டுல யார் பதில் சொன்னாங்களோ, அவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு வட்டம் போட்டு உள்ள பெருக்கல் குறி போடணும். அந்தக் குறி குன்ஹில்ட் பேருகிட்ட இருக்கும். எடுத்துட்டு வந்து உன் மூஞ்சிக்கு நேரா காட்டறேன்."

இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்க அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. கிழவியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற உற்சாகம். லவோனையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். பக்கம் திரையில் விரிந்தது. குடும்பத் தலைவர், குன்ஹில்ட் சோலெம், விதவை. மகன் ஹால்வர், வயது முப்பத்தொன்று, மணமாகாதவர். மகன் மெல்வின். ஒட்டீலியா கெசல், வேலைக்காரி, மணமாகாதவள். வெர்னா, வேலைக்காரி மகள்.

குன்ஹில்ட் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வட்டமும் பெருக்கல் குறியும் இரண்டாவது வரியில் இருந்தன. மை கொஞ்சம்கூட மங்கவில்லை. ஹால்வர் பெயருக்குப் பக்கத்தில்.

வெர்னா அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு லவோன்தான் ஆரம்பித்தாள்.

"அவங்கம்மா பின்னாடியே நின்னிருப்பாங்க, வெர்னா. மனுஷன் பயந்திருப்பார்."

"முப்பத்தொரு வயசு. அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற வயசா அது?"

"அந்தக் காலத்துல நிலமெல்லாம் அவங்க பேருலதானே..."

"நிலத்துக்காகன்னா பொண்டாட்டியை வேலைக்காரின்னு சொல்லிடலாமா? என்னையும்தானே சொல்லியிருக்கார். வேலைக்காரி மகளாம். அந்தாளு மடியில நான் உக்காந்திருக்கேன் லவோன். பெப்பர்மின்ட் வாங்கித் தின்னிருக்கேன்." வெர்னாவின் குரல் இறங்கிவிட்டது. "எங்கம்மா எங்க இருந்திருப்பா? சமையல்கட்டுலதானே. கதவுக்கு இந்தப் பக்கம் என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னிருப்பா. அவர் சொன்னதைக் காதால கேட்டிருப்பா."

மேலே கேக்காதே என்று அம்மா சொன்னது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒட்டீலியா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மனிதரை நல்லவர் என்று மகள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். மகள் என்ன செய்தாள்? அந்த மனிதர் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க ஆயுசு பூரா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஹால்வர் படம் மாட்டியிருந்தது. வெர்னா அதைக் கழற்றவில்லை. காலை காப்பியோடு அதன் எதிரே உட்கார்ந்து திட்டினாள். சாயங்காலமும் திட்டினாள். இத்தனை வருஷம் கிழவிக்கு என்று சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் ஆளை மாற்றி இறக்கினாள்.

கல் வெட்டுகிறவர் வந்த அன்று கல்லறைத் தோட்டத்தில் வெண்டல் முன்னாடியே வந்து நின்றார். ஹால்வர் கல்லின் வலது பாதியில் ஒட்டீலியா பெயரைச் சாக்பீஸால் எழுதி, அளவும் சரிபார்த்தாகிவிட்டது. வெர்னா புல்லில் மெதுவாக நடந்து வந்தாள்.

"அதை அழிச்சிடுங்க" என்றாள்.

கல் வெட்டுகிறவர் வெண்டலைப் பார்த்தார். வெண்டல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்ன வெர்னா, விளையாடறியா? இதுக்குத்தானே கோடை பூரா என் உசிரை எடுத்தே?"

வெர்னா அச்செடுத்த பக்கத்தை நீட்டினாள். கூடவே ஒரு சின்னச் சீட்டும். வெண்டல் பக்கத்தை வாங்கி, இரண்டாவது வரியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது. பிறகு சீட்டைப் படித்தார். ஒட்டீலியா, ஹால்வரின் மனைவி. வேலைக்காரி என்று பதில் சொன்னவர் ஹால்வர்.

"உங்கப்பாவைப் பத்தி இப்படிப் போடணுமா?"

"ஆதாரம் இருந்தா யாரைப் பத்தி வேணும்னாலும் போடுவேன்னியே. ஒட்டு."

"சரி, ஒட்டறேன். அம்மா பேரு?"

"அவ இருக்கற இடத்துலயே, வேலிகிட்ட, தனிக் கல்லு. ஒட்டீலியா சோலெம்னு வெட்டணும். அவளைக் கேட்டப்ப அவ அதைத்தான் சொன்னா, எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை சொன்னா."

வெண்டல் ஹால்வர் கல்லைப் பார்த்தார். கல் வெட்டுகிறவர் அதற்குள் ஈரத் துணியால் சாக்பீஸ் எழுத்தைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

"அப்ப இந்தப் பாதி இப்படியே மொட்டையா நிக்குமே. வர்றவங்க போறவங்க கேப்பாங்களே, என்ன சொல்றது?"

"மணமாகாதவர்னு சொல்லு" என்றாள் வெர்னா. "அவரைக் கேட்டப்ப அவர் அதைத்தான் சொன்னார்."