லென்ஸ் மூடியைக் கழற்றும் நேரம்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பிழைக்கிறவனுக்கு முதலில் வெயிலில் நிற்கத் தெரிய வேண்டும். மற்றதை எல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். முக்காலியும் பெட்டியும் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போன போட்டோக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார்கள். நாம் பட்டதெல்லாம் ஒரே பாடுதான்.

வேலூர் லாங் பஜாரில், ஒரு பருப்பு மண்டிக்கு மேல் மாடியில் என் ஸ்டூடியோ இருந்தது. நான் படம் பிடிப்பேன். என் கூட்டாளி ஹமீத் பாய் இருட்டறையில் கழுவிப் பிரிண்ட் போடுவார். ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, மறுபடி மூடுவதற்குள் எதிரே இருப்பவர் அசைந்தால் தகடு வீண். வீணான தகடுகளை ஹமீத் பாய் தூக்கிப் போட மாட்டார், எங்கள் ஜன்னல் சட்டத்தில் செருகிவிடுவார். வேலூரின் பெரிய மனிதர்கள் பலர் அந்த ஜன்னலில் இரண்டு மூக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

குடியாத்தத்துக் கல்யாணப் பெண்

குடியாத்தத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டியானதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பெண்ணின் தலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் பார்த்தால் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரிகிறது. "கொஞ்சம் நிமிருங்கம்மா" என்றேன். "கல்யாணப் பொண்ணு அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது" என்றார் பின்னால் நின்ற அத்தை. "மூஞ்சி தெரியலைன்னா போட்டோ இன்னாத்துக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. இரண்டு வீட்டாரும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு வேறு எங்கெங்கோ போயிற்று. நடுவில் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

நான் துணியை மடித்து வைத்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை, பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகச் சமையல்காரரிடம் போனேன். முதல் பந்தி எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டேன். இலை போட்டதும் அத்தை, சித்தப்பா, சம்பந்தி என்று பெரியவர்கள் எல்லாரும் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். முற்றத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெட்டியும் நானும். மூடியைக் கழற்றினேன். அவள் தலையைத் தூக்கி நேராக லென்ஸைப் பார்த்தாள், இமைகூடக் கொட்டவில்லை. அசைந்தது மாப்பிள்ளைதான், திரும்பி அவளைப் பார்த்துவிட்டார். இன்னொரு தகடு போட்டு எடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பெரிய பிரிண்ட் கேட்டார்கள். எப்படித் தைரியம் வந்தது என்று பெட்டியைக் கட்டும்போதே அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். அவள் சொன்னாள்:

"முன்ன எல்லாரும் என்னையே பார்த்துக்கினு இருந்தாங்க. இப்ப யாரும் பார்க்கல. அதான் நான் பார்த்தேன்."

காதர் சாகிப்பின் கவுதாரி

ஆம்பூரில் காதர் சாகிப் என்று ஒரு வயசான தோல் வியாபாரி. ஒரே மகன் ரங்கூனில் கடை வைத்திருந்தான். போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. வாப்பாவின் படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். சாகிப்புக்குத் தலை நடுக்கம். சதா இடமும் வலமும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு போட்டோக்காரர் முயற்சி செய்து பார்த்திருக்கிறார். உடம்பு தெளிவாக விழுந்து, தலை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி வந்ததாம். வேறு ஒருவர் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்து இறுக்கியதில் சாகிப்புக்குக் கோபம் வந்து, இனிமேல் போட்டோவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய தம்பிதான் எனக்கு ஆள் அனுப்பினார்.

முதலில் சில நாள் பெட்டி இல்லாமலே போனேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். தோல் விலை பற்றிப் பேசினார், கேட்டேன். பேசும்போது தலை ஆடியது, சும்மா இருக்கும்போதும் ஆடியது, தொழுதுவிட்டு வந்து உட்காரும்போதும் ஆடியது. ஹமீத் பாய், "இன்னா மாஸ்டர், தினம் ஆம்பூருக்குப் போய் டீ குடிக்கிறதுதான் தொழிலா?" என்று கேட்டார். ஒரு நாள் காலையில் கண்டுபிடித்தேன். சாகிப் ஒரு கவுதாரி வளர்த்தார். கூண்டு வாசல் வளைவில் தொங்கும். கூவுவதற்கு முன்னால் அந்தப் பறவை கழுத்தை நீட்டித் தொண்டையை உப்பும். அதைப் பார்த்ததும் சாகிப் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுப்பார். அந்தக் கொஞ்ச நேரம் தலை ஆடுவதில்லை. அவருக்கே அது தெரியாது.

மறுநாள் பெட்டியோடு போய், கூண்டை என் தலைக்கு மேலே மாட்டச் சொன்னேன். சாகிப்பை வெளிச்சத்தில் உட்கார வைத்துவிட்டு நின்றேன். கவுதாரி தினை கொத்தியது, இறகு கோதியது, தூங்கக்கூடத் தூங்கியது. என் கை லென்ஸ் மூடியை விடவில்லை. வெயில் சுவரில் இறங்கி வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் முகத்துக்கு வந்துவிடும் என்கிற நேரத்தில் அது கழுத்தை நீட்டியது. மூடியைக் கழற்றினேன். கூவி முடித்தது. மூடினேன். பிரிண்டில் தாடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கோ நல்ல சேதி கேட்கிறவர் மாதிரி முகம். சாகிப் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"தலை ஆடுறது அவனுக்குத் தெரியாது. நான் எழுதவே இல்ல. இனிமே எழுத வேணாம்."

டேனரி மணி

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆம்பூரிலேயே தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி கூப்பிட்டார். சீமையில் இருக்கிற தோல் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப, முழு டேனரியும் வேலையாட்களோடு ஒரே படத்தில் வர வேண்டும். சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டைத் தொட்டி, கயிற்றில் உலரும் தோல், எல்லாம் தெளிவாக. ஆனால் வேலையை ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியாது என்றார். கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகத் தெளிவாக விழ வேண்டுமானால் மூடியைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால், தோல் எல்லாம் இருக்கும், மனுஷர் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நான் பட்டைக் கிடங்கின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். நாற்றம் பழகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் ஒன்று கவனித்தேன். தொட்டியில் குனிந்திருந்தவர்கள், தோலைப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மணி நிற்கிற வரைக்கும் அப்படியே நிற்கிறார்கள். முதுகு நிமிர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மறுநாள் அதே கிடங்கின் மேல் பெட்டியை வைத்துக் காத்திருந்தேன். மணிக்காரரிடம் மட்டும் கொஞ்சம் நீட்டி அடிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

முதலாளிக்கு மகா சந்தோஷம். ஒரு பிரிண்டை டேனரி வாசலிலேயே மாட்டச் சொன்னார். மாட்டுகிற அன்று ஆட்கள் கூடி அவரவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சின்னப்பன் என்று ஒருவர், சின்ன வயசிலிருந்து தோல் சுரண்டுகிறவர், தன்னைத் தேடிப் பிடிக்க முடியாமல் நின்றார். பக்கத்தில் இருந்தவர் விரல் வைத்துக் காட்டினார். சின்னப்பன் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நிமிர்ந்து நின்னா நான் இவ்ளோ உசரமா?"

அகழி மீன்கொத்தி

ரப்பர் பந்தை அழுத்தினால் தானே திறந்து மூடுகிற ஷட்டர் ஒன்று வாங்கினோம். உடனே எனக்குப் பறவை ஆசை பிடித்தது. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு மீன்கொத்தி. அது வந்து உட்காருவதற்கென்று தண்ணீரில் ஒரு மூங்கில் கழி நட்டேன். கரையில் பெட்டியை வைத்துக் கோணியால் மூடி, நீளமான ரப்பர் குழாயோடு புதருக்குப் பின்னால் நானும் ஒரு கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மீன்கொத்தி வந்தது. கழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பெட்டியின் தலையில் உட்கார்ந்தது. அங்கிருந்து பாய்ந்து மீன் பிடித்து, மறுபடி பெட்டியின் மேலேயே வந்து தின்றது. பல நாள் இப்படி. எவ்வளவு அருமையான பறவை என்று என் பெட்டியைத் தவிர எல்லாரும் பார்த்தார்கள். அதற்கு வேண்டியது உயரம் என்று எனக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று. கழியைப் பெட்டியைவிட ஒரு முழம் உயரமாக நிற்கிற மாதிரி மாற்றி நட்டேன். அன்றே வந்து, வாயில் குறுக்காக ஒரு மீனோடு உட்கார்ந்து கொடுத்தது.

முதல் நாள் கோணிக்குள் என்னைப் பார்த்து, கோட்டையை வேவு பார்க்கிறேன் என்று பிடிக்க வந்த கான்ஸ்டபிள் ஒருவர், அப்புறம் தினமும் காவல் சுற்றில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகப் பேசிவிட்டுப் போவார். படம் நன்றாக விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"சம்பளம் வாங்கிக்கினு நிக்கவே எனக்குப் பேஜாரா இருக்கு. நீ எப்படிய்யா சும்மாவே குந்திக்கினு இருக்கே?"

மணலில் வந்த தண்ணீர்

பாலாற்றைப் படம் எடுக்கிறவர்கள் பாலத்தை எடுப்பார்கள், மணலை எடுப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது வேறு. வறண்டு கிடக்கும் மணலில் புது வெள்ளம் நாக்கு நீட்டிக்கொண்டு வருமே, அந்த முனை. முன்னால் காய்ந்த மணல், பின்னால் தண்ணீர், இரண்டும் ஒரே தகட்டில். ஒரு வருஷம் தண்ணீர் இருட்டில் வந்து போய்விட்டது. இன்னொரு வருஷம் மழை மேகத்தில் வெளிச்சமே இல்லை. நடுவில் சில வருஷம் ஆறு வரவே இல்லை.

ஒரு ஐப்பசியில், ஆம்பூர்ப் பக்கம் ஆறு வருகிறது என்று சாயங்கால ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். மணல் குடித்தது போக மிச்சம்தான் முன்னால் நகரும். அதனால் மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் இங்கே வந்து சேரும் என்று கணக்குப் போட்டேன். காலை வெயில் கிழக்கே, தண்ணீர் வருவது மேற்கேயிருந்து. சூரியன் என் முதுகில் இருக்கும், வெள்ளம் முகத்துக்கு நேரே வரும். இடம் முன்பே பார்த்து வைத்திருந்தேன். விடிந்ததும் ஆற்றின் நடுமணலில் முக்காலியை ஊன்றி, பெட்டியைத் தாழ்வாக இறக்கி வைத்தேன். ஹமீத் பாய் கரையில் நின்றார். "மாஸ்டர், நம்மகிட்ட இருக்கிறது ஒரே பெட்டி. பெட்டி போனா கடை போச்சு" என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சத்தம்தான் வந்தது, காய்ந்த சருகைக் கூட்டுகிற மாதிரி. அப்புறம் தண்ணீர், மனுஷர் நடக்கிற வேகத்தில், நுரையும் குச்சியும் தள்ளிக்கொண்டு. கிட்டத்தில் வந்தால்தான் படம். ரொம்பக் கிட்டத்தில் வந்தால் பெட்டி இல்லை. நான் மணலில் ஒரு கல்லை வைத்திருந்தேன். தண்ணீர் அதைத் தொடுகிற வரை பந்தை அழுத்தக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டது. ஹமீத் பாய் கூப்பிடுவது கேட்டது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கல் நனைந்தது. அழுத்தினேன். பெட்டியை முக்காலியோடு மார்பில் அணைத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் தண்ணீர் என்னைப் பிடித்துவிட்டது. கணுக்கால், அப்புறம் முட்டி. ஹமீத் பாய் செருப்போடு உள்ளே இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அன்று இருட்டறையில் அவர் கழுவ, நான் பக்கத்தில் நின்றேன். சிவப்பு விளக்கில் தகட்டில் முதலில் நுரையின் விளிம்பு வந்தது, பிறகு மணலின் சுருக்கம். ஈரக் கையாலேயே அவர் என் தோளைத் தட்டினார்.

சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி, தரையிலிருந்தே நிற்கிற மாதிரி மாடிப்படி முடிகிற இடத்தில் வைத்தோம். அடுத்த கோடையில், கலவை என்ற ஊரிலிருந்து ஒரு அம்மா குழந்தையைப் படம் பிடிக்கத் தூக்கிக்கொண்டு வந்தார். படி ஏறி வந்தவர் படத்துக்கு எதிரே நின்றார். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மற்ற கையால் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். நாங்கள் பார்ப்பதைக் கண்டு வெட்கத்தோடு கீழே விட்டார்.

"நனைஞ்சிடப் போவுதேன்னு பார்த்தேன்."

கல்யாணப் பெண், கவுதாரி, மீன்கொத்தி, ஆறு என்று எல்லாவற்றுக்கும் பொறுமையாகக் காத்திருந்து ஜெயித்த எனக்கும் ஒரு படம் உண்டு: ஹமீத் பாய் ஆசையாக எடுத்தது, எங்கள் ஜன்னலில் இரண்டு மூக்கோடு நிற்கிறது.