தேங்காய்ப்பால் இல்லாத மதியங்கள்

கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, பத்துக் கிலோவாவது குறைய வேண்டும் என்றார். தேங்காய்ப்பால் வேண்டாம், பொரியல் வேண்டாம், பாணுக்கு பட்டர் வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றேகால் வருஷம். தனியாகக் கிடக்கிறவனுக்கு வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதை விட்டால் வேறென்ன இருக்கிறது?

அன்றைக்கே போனில் அவளிடம் சொன்னேன். பரிதாபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"நல்லதுதான். எக்ரிமென்ட் முடிய இன்னும் ஒம்பது மாசம் இருக்கு. நான் வந்து இறங்குறப்ப கல்யாண ஆல்பத்துல இருக்கிற ஆள்தான் ஏர்போட்டுக்கு வரணும். இந்தத் தொப்பைக்காரரை எனக்குத் தெரியாது."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ஆரம்பித்தேன். ஈரலுக்காக என்று சொன்னால் பொய்.

முதல் நாள் கோழி நெஞ்சை வெறும் உப்புப் போட்டு அவித்தேன். துணியை மென்ற மாதிரி இருந்தது. நான் வேலை செய்வது மாத்தளை டவுனில், கறித்தூள் அரைக்கிற மில்லில். பல்லேபொலயிலிருந்து வரும் மிளகு மூட்டையை மோந்து பார்த்தே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில் மறுநாள் கறித்தூளையும் மிளகுத்தூளையும் கையால் அள்ளிக் கொட்டி அவித்தேன். பச்சை வாடையும் கசப்புமாக வாயில் வைக்க முடியவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற தப்புதான் இது. சப்பென்று இருந்தால் இன்னொரு கரண்டி தூள் போடு, அதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

அவளுக்கு போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு அவள் குரல் பதிவாகி வந்தது.

"எண்ணெயும் இல்ல, பாலும் இல்ல. தூளைக் கொட்டினா அது எதுலங்க போய் ஒட்டும்? மிளகையும் சீரகத்தையும் வெறுஞ்சட்டியில வறுத்து, ஒண்ணும் பாதியுமா இடிச்சு, கடைசியில தூவுங்க. அவிக்கிற தண்ணியில இஞ்சி, வெள்ளப்பூடு, கறிவேப்பிலை, புளிப்புக்கு ஒரு துண்டு கொரக்கா. தேசிக்காயை அடுப்பை அணைச்ச பொறகு புழிங்க. அவ்வளவுதான்."

செய்தேன். கோழி கோழியாக ருசித்தது. மிளகுக்கு நடுவில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு, மிளகு போடக் குவைத்திலிருந்து சொல்லித் தர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு தினமும் காலையில் அவள் குரல் வரும். போஞ்சிக்காய்க்கு இதைப் போடுங்கள், மீனுக்கு இதைப் போடுங்கள், அவித்த முட்டைக்கு இது போதும். கூடவே அந்தச் சமையலறைச் சத்தமும் வரும். குழாய்த் தண்ணீர், கத்தி, எங்கேயோ ஒரு குழந்தையின் சிணுங்கல். எண்ணெயைக் கண்டால் தாராளமாக ஊற்றுகிறவளுக்கு இந்த வித்தையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேடம் புள்ளை பெத்ததுல இருந்து உடம்பக் குறைக்கிறாங்க. அவங்களுக்குத் தினமும் இதுதான். மிஞ்சுறத நான் சாப்பிடுறேன். இங்க அன்னைக்கு என்ன செய்யப் போறேனோ அதத்தான் உங்களுக்கும் சொல்றேன்."

மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றாள். இங்கே அப்போது இரண்டரை. அன்றிலிருந்து நானும் இரண்டரைக்குத்தான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன். மில்லில் மற்றவர்கள் பன்னிரண்டரைக்கே பலாக்காய்க் கறியும் சோறுமாக முடித்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் மணி அடிக்கலையா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். கெட்டிப் பாலில் வெந்த பலாக்காய் வாசனைக்கு வயிறு கத்தும். பொறுத்துக்கொள்வேன். அந்த இரண்டு மணி நேரப் பசியில் அவள் நினைப்பு அவ்வளவு தெளிவாக இருக்கும். சாப்பிட்ட பிறகு அப்படி இருக்காது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷம். மேடத்தின் குழந்தை அவள் அனுப்புகிற குரலுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் அழுகை, பிறகு சிரிப்பு, பிறகு அவளை ஏதோ சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் எல்லாப் பொத்தான்களும் பூட்டிக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு வீடியோ கோலில் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கியது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு சைன் வச்சிட்டேங்க" என்றாள். "புள்ளை வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டேங்குது. நான் ஊட்டாட்டி ஒரு வாய் எடுக்காது. விட்டுட்டு வர மனசு வரலங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் குழந்தை தத்தித் தத்தி வந்து அவள் மடியில் ஏறியது. அவள் கை தன்பாட்டில் அதன் முதுகைத் தடவியது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் தடவினாள். தடவுவதே அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கும்தான் உன் கை வேண்டியிருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையை விட்டுவிட்டு அவள் வந்திருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நாளைக்குப் பூசணிக்காய் வாங்கி வச்சிருக்கேன்" என்றேன். "அதுக்கு என்ன போடணும்?"